முஸாபிர் அறைக்கு அடித்த வெள்ளை

என் தங்கச்சி ஜுமானா கம்பஸில் படிப்பது கலை வரலாறும் மரபுரிமை முகாமைத்துவமும். இந்தப் பெயரை எங்கள் ஊரில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. "லாபிர்ற மகள் சுவர் பார்க்கப் படிக்கிறா" என்று சுருக்கிவிட்டார்கள். நான் எஞ்சினியரிங் படிக்கப் போய் இடையில் விட்டுவிட்டு வந்தவன். இப்போது கற்பிட்டி ரோட்டில் ஓர் ஐஸ் பெக்டரியில் இரவு வேலை. ஆகவே எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் ஒரே பகிடிதான் ஓடியது. மூத்தவன் ஐஸ் உடைக்கிறான், இளையவள் சுவர் பார்க்கிறாள், லாபிர் என்ன பாவம் செய்தாரோ.

அந்தச் சுவர் எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால், களப்புப் பக்கம் இருக்கிறது. பள்ளிவாசல் புதுசு. டைல்ஸ், ஏசி எல்லாம் உண்டு. பின்னால், பயணிகள் தங்குவதற்கு என்று நிற்கும் முஸாபிர் அறை மட்டும் பழசு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பாய்மரத் தோணிகள் சரக்கோடு வந்த காலத்தில், காற்றுத் திரும்பும் வரைக்கும் தோணிக்காரர்கள் படுத்துக் கிடந்த இடம். பிறகு முஸாபிர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போய்விட்டதால், அறைக்குள் மௌத்தானவரை வைத்துத் தூக்கும் சந்தூக்குப் பெட்டியையும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கிடாரங்களையும் போட்டு வைத்தார்கள்.

ஜுமானா முதலாம் வருஷ லீவில் வந்தபோது கஞ்சிக் கிடாரம் எடுக்க உம்மாவோடு அங்கே போனாள். கிடாரத்தைத் தூக்கிய இடத்தில் சுவரில் கீறல்கள். எல்லாரும் பார்த்த கீறல்கள்தான். பொடியன்கள் ஆணியால் கிறுக்கியது என்று நினைத்திருந்தோம். இவள் குந்தியிருந்து பார்த்தாள். உம்மா கூப்பிடக் கூப்பிட எழும்பவில்லை. பாய், மரம், சுக்கான், கயிறு. கீறியவர்கள் பொடியன்கள் இல்லை. கயிறு எங்கே கட்டப்படும், எங்கே கட்டப்படாது என்று தெரிந்தவர்கள். காற்றுக்குக் காத்துக் கிடந்தவர்கள் தங்கள் தோணியையே சுவரில் கீறி வைத்திருந்தார்கள். கீறியதோடு சில இடத்தில் கரியாலும் எழுதியிருந்தார்கள், அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத் தமிழில்.

அன்றிலிருந்து அந்தச் சுவர்தான் அவள் படிப்பு. ஒவ்வொரு லீவிலும் நூலும் அடிமட்டமும் கமெராவும் கொண்டு போய் அறைக்குள் கிடப்பாள். கடைசி வருஷ ஆய்வும் அதுதான். பாதிப் புள்ளி எழுதிக் கொடுப்பதற்கு. மீதிப் பாதிக்குப் பேராசிரியர்மார் இடத்துக்கே வருவார்கள். சுவருக்கு முன்னால் நின்று அவள் விளக்க வேண்டும், கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அது சரி வந்தால் முதலாம் வகுப்பு. முதலாம் வகுப்பு எடுத்தால் கம்பஸிலேயே உதவி விரிவுரையாளராக வைத்துக்கொள்வோம் என்று அவளுடைய மெடம் சொல்லியிருந்தார். சரி வராவிட்டால் அவள் பட்டதாரி வரிசையில் நின்று ஏதாவது ஒரு பிரதேச செயலகத்தில் கதிரை கேட்க வேண்டியதுதான்.

ஊரில் ஆட்கள் அறை வாசலில் நின்று கேட்பார்கள்.

"என்ன புள்ள தேடுறா? புதையலா?"

"ஓம். கிடைச்சா உங்களுக்கும் பங்கு தாறன்."

சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை. கீறல் கீறலாக மெடத்துக்கு விளக்கியவள், ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் "இதைப் பாருங்க, இது பாய்" என்று காட்டவில்லை. சிரிப்பார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். சிரித்திருப்பார்கள்.

பேராசிரியர்மார் வருவதற்கு அனுமதி கேட்டு கம்பஸிலிருந்து பள்ளிவாசல் ட்ரஸ்டி தலைவர் ஹாசிம் ஹாஜியாருக்குக் கோல் வந்தது. சிங்களத்தில், மிக மரியாதையாக. அந்த ஒரு கோலோடு ஊர் தலைகீழாகிவிட்டது. சுவர் பார்க்கிற பிள்ளை 'எங்கட பிள்ளை' ஆனாள். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மைக்கில் அறிவித்தார்கள். பிரியாணிக்கு ஒரு கமிட்டி, வட்டிலப்பத்துக்கு ஒரு கமிட்டி. வட்டிலப்பக் கமிட்டிக்குள் உடனே சண்டையும் வந்தது.

ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று கதைக்கிற மனிதர், அன்றைக்குக் கதிரையில் உட்கார்ந்தார்.

"லாபிர், கொழும்பு, கண்டிப் பக்கத்து ஆக்கள் வாறாங்க. அந்த அறை கிடக்கிற கோலத்தைப் பார்த்தா எங்களைப் பத்தி என்ன நெனப்பாங்க? உன்ட மகள்ற விஷயம். நீயே முன்னுக்கு நிண்டு செய்."

வாப்பாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் மன்னார் ஆட்கள். தொண்ணூறாம் வருஷம் யுத்தத்தில் அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது வாப்பா சின்னப் பொடியன். இவ்வளவு காலம் போயும், கோபம் வந்தால் சிலர் வாயில் நாங்கள் 'அகதி ஆக்கள்'தான். பள்ளிவாசல் வேலையில் வாப்பாவை யாரும் முன்னுக்கு நிற்கச் சொன்னதில்லை. பின்னுக்கு நின்று கல் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கினார்.

எங்கள் பக்கத்தில் நோன்பு வந்தால் வெள்ளை அடிப்போம். கல்யாணம் வந்தால் வெள்ளை அடிப்போம். வெள்ளை அடிக்காத சுவரை விருந்தாளிக்குக் காட்டுவது, கழுவாத கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிற மாதிரி. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆகவே யாரும் யோசிக்கவில்லை. ஜுமானாவிடம் கேட்கவும் இல்லை. கல்யாண வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பெண்ணிடம் கேட்டா அடிக்கிறார்கள்?

நான் பகலில் படுக்கிறவன். அந்த வியாழனும் படுத்திருந்தேன். வாப்பாவும் பெயின்டர் ஸப்ரானும் வாளி கொண்டு போனது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜுமானா பஸ்ஸில் வந்து இறங்கினாள். சனிக்கிழமை காலையில் பேராசிரியர்மார் வருகிறார்கள். வீட்டுக்கு ஏற்றப் போன என்னிடம், "நேரா பள்ளிக்கு விடுங்க நானா, சுவரை ஒருக்காப் பார்த்துட்டுப் போவம்" என்றாள். சைக்கிளின் பின்னால் இருந்து நாளைக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அறைக் கதவைத் திறந்தாள். சந்தூக்கு இல்லை, கிடாரம் இல்லை. சீமெந்துத் தரை கழுவி, பூச்சாடி வைத்திருந்தது. நாலு சுவரும் வெள்ளை. கண்ணைக் குத்துகிற பளபளத்த எமல்ஷன் வெள்ளை. பெயின்ட் மணம் மூக்கில் அடித்தது.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"யார் நானா?"

"தெரியா," என்றேன். தெரியும். வாசலில் கிடந்த பழைய சாரம் வாப்பா இடுப்பில் கட்டுவது. பிரஷ் துடைத்த சாரம்.

அவளும் அதைப் பார்த்தாள்.

அழவில்லை. அழுகிற ஆளும் இல்லை. வாயில் வந்த ஒரு சொல்லைப் பள்ளிவாசல் என்பதால் விழுங்கினாள். பிறகு பையை வைத்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலை மெதுவாக நகர்த்தினாள். ஓரிடத்தில் நின்றது. கீழே இறங்கியது. திரும்ப ஏறியது.

"கீறல் இரிக்கி," என்றாள். "கரி போயிட்டு."

நான் எனக்குச் சரி என்று பட்டதைச் சொன்னேன். "மெடத்துக்கு இப்பவே கோல் எடு. ஊரான் நாசமாக்கிட்டான் எண்டு சொல்லு. உன்ட போட்டோவெல்லாம் இரிக்கிதானே. அதை வச்சுப் புள்ளி போடுவாங்க. உன்னில பிழை இல்ல."

"ஊரான் எண்டா யார் நானா? பேர் கேப்பாங்க."

நான் அந்தச் சாரத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"வாப்பாட பேரைச் சொல்லிட்டு நான் பாஸாகணும். சொல்லாட்டி, சுவரே இல்லாத சுவருக்கு முன்னால நிண்டு பெயிலாகணும். நல்ல சொய்ஸ்."

வீட்டில் வாப்பா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் பெயின்ட். முகத்தில், பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளையின் முகம். நரை விழுந்த ஆளில் அந்த முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

"பார்த்தீங்களா மகள்? எப்பிடி?"

இவள் இப்போது வெடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை கோட் வாப்பா?"

"ரெண்டு. நல்ல பெயின்ட். மழைக்கும் போகாதாம்."

"அடிக்க முன்னால பள்ளம் நிரவப் புட்டி போட்டீங்களா?"

"இல்ல மகள். ஸப்ரானுக்கு மாம்புரியில ஒரு கல்யாண வீடு. நேரம் இல்லண்டு சொல்லிட்டான். புட்டி போட்டிருந்தா கண்ணாடி மாதிரி வந்திருக்கும்." உண்மையிலேயே அவருக்கு அது கவலை.

"சுவரைச் சுரண்டினீங்களா?"

"அதுக்கும் நேரம் இல்ல."

ஜுமானா உம்மா கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். "ஸப்ரானுக்குக் கல்யாண வேலை கிடைச்சதுக்கு."

வாப்பாவுக்கு விளங்கவில்லை. விளங்காமலே சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "பிழையா மகள்?" என்று கேட்டார். அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "நாளைக்கு நீங்களும் வாங்க" என்றாள்.

நான் வேலைக்குப் புறப்படும்போது கேற்றடிக்கு வந்தாள். "உங்கட பெக்டரி டோர்ச்சை விடிய வரக்க கொண்டு வாங்க. பெரிசு. அதோட படங்கு ரெண்டு."

விடிந்து வந்தபோது டோர்ச்சும் இருந்தது, ஐஸ் மூடுகிற நீலப் படங்கும் இருந்தது. முதலாளியிடம் கேட்கவில்லை. படுக்கவும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன்.

வேனில் இரண்டு பேர் வந்திறங்கினார்கள். ஒருவர் அவளுடைய மெடம். பருத்திச் சேலை, பாட்டா செருப்பு, வெயிலுக்குத் தொப்பி. மற்றவர் அவள் 'சேர்' என்று கூப்பிடும் பேராசிரியர், மெலிந்த ஆள், சிரிக்கிற பழக்கம் இல்லாதவர். ஹாஜியார் மாலை போடப் போனார். சேர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மெடம் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஊர் பாதி வாசலில் நின்றது. ஜுமானா எல்லோரையும் பார்த்து, "உள்ளுக்கு வாங்க, எல்லாரும்" என்றாள். இதுவரைக்கும் அவள் யாரையும் அந்த அறைக்குள் கூப்பிட்டதில்லை.

உள்ளே வந்த மெடம் சுவரைப் பார்த்தார். முகம் அப்படியே விழுந்தது. போட்டோக்களை மூன்று வருஷமாகப் பார்த்தவர். சேர் சுவரில் விரலைத் தேய்த்து விரலைப் பார்த்தார்.

"இது எப்போது அடித்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"முந்தநாள், சேர்."

"உங்கள் ஆய்வின் முதல் நோக்கம் இந்தச் சுவரைச் சேதத்திலிருந்து காப்பது. ஆய்வைக் கொடுக்க முதலே சேதமாகிவிட்டது. யாருடைய பிழை இது?"

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். 'சேதம்' என்ற சொல் வாப்பாவுக்கும் விளங்கியது. ஹாஜியார் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தரையைப் பார்த்தார்.

ஜுமானா சுவருக்கு முன்னால் நேராக நின்றாள்.

"என்னுடைய பிழை, சேர்," என்றாள். "நான் எழுதின முகாமைத்துவத் திட்டத்தில் ஈரத்துக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. உப்புக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. கறையானுக்குக்கூட இரண்டு பக்கம் இருக்கிறது. இந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு வரி இல்லை. சுவரில் என்ன இருக்கிறது என்று நான் இவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாதபடியால் இவர்கள் விருந்தாளிக்குச் செய்கிறதைச் செய்தார்கள். வெள்ளை அடித்தார்கள். இந்தச் சுவரைச் சுரண்டினால் உள்ளே சுண்ணாம்புப் படை படையாக வரும். எல்லாம் யாரோ வருகிறார்கள் என்று அடித்த வெள்ளைதான். முந்தநாள் அடித்தது அதில் கடைசிப் படை. அடித்தவர் லாபிர். என் வாப்பா."

பிறகு அதையே தமிழில் வாசலைப் பார்த்துச் சொன்னாள். ஒரு சொல் குறைக்கவில்லை.

கம்பஸில் வாய்மொழிப் பரீட்சைகளில் எத்தனையோ பேர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சடைவார்கள், சுற்றுவார்கள், மேற்கோள் காட்டுவார்கள். தன் பிழையைத் தானே தூக்கி மேசையில் வைத்துவிட்டு முதுகு வளையாமல் நின்ற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது என் தங்கச்சி.

"சரி," என்றார் சேர். குரல் இறங்கவில்லை. "இப்போது எனக்கு எதைக் காட்டப் போகிறீர்கள்? வெள்ளைச் சுவரையா?"

"ஓம், சேர். ஐந்து நிமிஷம் தாங்க." எங்கள் பக்கம் திரும்பினாள். "நானா, அந்த ஜன்னலுக்குப் படங்கைக் கட்டுங்க. ஸப்ரான் நானா, கதவைச் சாத்துங்க."

ஸப்ரான் ஓடினான். சுவரைக் கெடுத்தது தான்தான் என்று அவனுக்கு எப்படியோ பட்டிருந்தது. படங்கைப் பிடிக்க ஆள் போதாமல் ஹாஜியாரே ஜுப்பாவின் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூலையைப் பிடித்தார். அறை இருண்டது. யாரோ இருமினார்கள். ஒருவர், "கரண்ட் போயிட்டா?" என்று கேட்டு அடி வாங்கினார்.

ஜுமானா டோர்ச்சைச் சுவருக்கு நேரே பிடிக்கவில்லை. சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வைத்து எரித்தாள்.

சுவர் முழுக்கத் தோணிகள் எழும்பின.

வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியாது. வெளிச்சம் சரிவாகப் போனதால் ஒவ்வொரு கீறலிலும் ஒரு நிழல் விழுந்தது. முன்பு அதே சுவரில் பாசி, கறை, கிடாரக் கரி எல்லாம் கிடந்து கண்ணைக் குழப்பும். இப்போது எல்லாம் ஒரே வெள்ளை. வெள்ளையில் நிழல் மட்டும். பாய் புடைத்த தோணி, பாய் இறக்கிய தோணி, நங்கூரம் போட்ட தோணி. டோர்ச்சை அவள் நகர்த்த நகர்த்த ஒன்று மறைய ஒன்று வந்தது.

"யா அல்லாஹ்," என்றார் ஹாஜியார். படங்கை விட்டுவிட்டார். ஸப்ரான் பாய்ந்து பிடித்தான்.

"இது எங்கட பள்ளியிலயா கிடந்திச்சு?"

"உங்கட கிடாரத்துக்குப் பின்னால, ஹாஜியார்."

அவள் விளக்கத் தொடங்கினாள். சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். எந்தத் தோணி எந்தக் கரையில் கட்டப்படுகிற வகை, பாயின் வெட்டு எப்படி, கீறினவன் இடக்கைக்காரன் என்று எதை வைத்துச் சொல்கிறாள், எது எதற்கு மேல் கீறப்பட்டது. போனதையும் மறைக்கவில்லை. ஓர் இடத்தில் டோர்ச்சை நிறுத்தினாள். "இங்கே கரியால் ஒரு வரி இருந்தது. இப்போது இல்லை. இனி வருமா என்று எனக்குத் தெரியாது. என் போட்டோவில் மட்டும்தான் இருக்கிறது." கேட்டவர்களுக்காக அதை வாசித்துச் சொன்னாள். 'காற்று இன்னும் திரும்பவில்லை, வீட்டுக்குச் சொல்ல ஆளும் இல்லை.' வாப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மெடம் குனிந்து கீழ்மூலையைக் காட்டினார். "இதையும் காட்டு. இந்த இடத்தில் பெயின்ட் தடிப்பாக இருக்கிறதே."

உண்மைதான். அந்த மூலையில் மட்டும் பிரஷ் பல தரம் போயிருந்தது. முழங்காலளவு உயரம். ஜுமானா குந்தினாள். "இது ஆய்வில் இல்லை, மெடம். பிற்காலத்துக் கிறுக்கல். பாசி மூடியிருந்தது, ஒன்றும் தெளிவில்லை. சேதம் என்ற தலைப்பில் போட்டேன்." சொல்லிக்கொண்டே டோர்ச்சைத் தரையோடு வைத்தாள்.

ஒரு வள்ளம் தெரிந்தது. கோணல் மாணலான வள்ளம். பாய் இல்லை, மரம் இல்லை. பின்பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குக் கீழே ஒரு தண்டு. வள்ளத்துக்குள் நெருக்கி நெருக்கி வட்டம் வட்டமாகத் தலைகள்.

அவள் டோர்ச்சை இன்னும் சரித்தாள்.

"இது எஞ்சின்," என்றாள். "பின்னால் மாட்டுகிற எஞ்சின். அப்படியென்றால் இது தோணிக்காரர் கீறினதில்லை. இவ்வளவு பேரை ஏற்றிக்கொண்டு எஞ்சின் வள்ளம் இந்தக் கரைக்கு வந்தது..."

முடிக்கவில்லை. அவளுக்கே விளங்கிவிட்டது. அவள் திரும்பிய பக்கம் வாப்பா நின்றார்.

"மம தமய்," என்றார் வாப்பா. நான்தான். மெடத்துக்காகச் சிங்களத்தில் சொன்னார். மிச்சத்துக்கு அவரிடம் சிங்களம் இல்லை. தமிழில் வந்தது. "மன்னாரிலேருந்து வந்து எறங்கின நேரம் எங்களை இந்த அறையிலதான் போட்டாங்க. நான் சுவர்ப்பக்கம் படுத்தன். மத்த வள்ளமெல்லாம் கீறி இருந்திச்சு, எங்கட வள்ளம் இல்ல. ஆணி ஒண்டு கிடந்திச்சு, கீறினன். அப்ப பாங்கு சொல்லிட்டிருந்த மோதினார் காதைப் பிடிச்சுத் திருகினார். அகதியா வந்து அல்லாஹ்ட வீட்டைக் கிறுக்கிறியா எண்டு." ஜுமானாவைப் பார்த்தார். "உங்கட ஆக்கள் வந்து பார்த்தா உங்களுக்கு வெட்கம் எண்டுதான் அந்த எடத்தில கூட அடிச்சன் மகள்."

ஜுமானா அதைச் சிங்களத்தில் சொன்னாள். குரல் ஓரிடத்தில் உடைந்தது. உடைந்ததைப் பொருட்படுத்தாமல் சொல்லி முடித்தாள்.

மெடம் வாப்பாவிடம், "அந்த வள்ளத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"எண்ணல்ல மெடம். எல்லாரும்."

சேர் இவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இப்போது ஜுமானாவைப் பார்த்தார். "உங்கள் ஆய்வில் இது சேதம் என்று இருக்கிறது. உங்கள் வாப்பா கீறினது என்பதால் இப்போது மரபுரிமையா?"

கடினமான கேள்வி. கெட்ட கேள்வி இல்லை. அவள் எழும்பி நின்றாள்.

"இல்லை, சேர். யாருடைய வாப்பா கீறியிருந்தாலும் நான் பிழையாகத்தான் எழுதியிருக்கிறேன். இது முஸாபிர் அறை. காத்துக் கிடந்தவர்கள் தாங்கள் வந்த வள்ளத்தைக் கீறி வைக்கிற சுவர். அதுதான் இந்தச் சுவரின் முக்கியத்துவம் என்று முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அதன்படி பார்த்தால் இதுதான் கடைசி முஸாபிர் கீறினது. பழசு எது, சேதம் எது என்று நான் வயதைப் பார்த்துப் பிரித்தேன். திருத்துகிறேன். என் வாப்பா என்பதால் என் சொல்லை மட்டும் எடுக்க வேண்டாம். அன்றைக்கு இந்த அறையில் படுத்த மற்ற ஆட்கள் கரைத்தீவுப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு எழுதுகிறேன்."

சேர் முன்னால் வந்தார். அவளிடமிருந்து டோர்ச்சை வாங்கி, காற்சட்டை அழுக்காகும் என்று பார்க்காமல் முழங்காலில் நின்று, அந்த எஞ்சின் வள்ளத்தைக் கிட்டத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஸப்ரான் என் காதுக்குள், "மச்சான், நான் புட்டி போட்டிருந்தா?" என்றான். "உன்னைச் சந்தூக்கில தூக்கியிருப்பம்," என்றேன்.

பிரியாணி சாப்பிட்டார்கள். சேர் இரண்டாம் தரம் வட்டிலப்பம் கேட்டார். வட்டிலப்பக் கமிட்டி இன்றைக்கும் அதைச் சொல்லித் திரிகிறது.

ஜுமானாவுக்கு முதலாம் வகுப்பு கிடைத்தது. இப்போது அதே கம்பஸில் பாடம் எடுக்கிறாள். சுவரில் எமல்ஷன் இன்னும் இருக்கிறது. உப்பு ஈரத்தில் சில இடத்தில் தானாகவே ஓடு மாதிரி கழன்று வருகிறது. யாரும் கை வைக்கக் கூடாது, தான் வந்து பார்த்து மெதுவாக எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் கை வைக்கவில்லை. கரியில் எழுதிய வரி வெளியே வரவில்லை. வராது என்றுதான் அவளும் நினைக்கிறாள். வாப்பா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

பெறுபேறு வந்த கிழமை நான் படுத்திருந்தபோது ஹாஜியார் கேற்றைத் தட்டினார். கையில் சுருட்டிய பெனர் ஒன்று. ஜுமானாவின் படம், அவள் பெயர், அதற்குக் கீழே கலை வரலாறும் மரபுரிமை முகாமைத்துவமும் என்று ஓர் எழுத்துக் குறையாமல். லாபிரின் புதல்வி என்றும் போட்டிருந்தது. லாபிருக்கு முன்னால் ஊர்ப் பெயர். எங்கள் மன்னார் ஊர் இல்லை, இந்த ஊர்.

"முஸாபிர் அறை வாசலில தொங்கவிடப் போறம்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். ஊரில் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகாத மனிதர். "தங்கச்சிக்கு ஒரு கோல் எடுத்துக் கேளு மகன். அந்தச் சுவரில ரெண்டு ஆணி அடிக்கலாமா எண்டு."

நான் கோல் எடுத்தேன். வகுப்பில் இருந்தாள். வெளியே வந்து பேசினாள்.

"அடிக்கப்படாது," என்றாள்.

ஹாஜியார் தலையை ஆட்டினார். பெனரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிர்த்த தென்னையில் கட்டக் கயிறு தேடிப் போனார்.